தாடிக்காரரின் அலமாரி

இது மழைக்காலத்தில் நடந்தது என்றுதான் நினைக்கிறேன். நூலக வாசலில் ஈரக் குடைகள் சாய்ந்து கிடந்த மாதிரி ஒரு ஞாபகம். ஆனால் அன்றைய நூலகக் கமிட்டிக் கூட்டத்தில் மின்விசிறியை இன்னும் வேகமாக வைக்கச் சொல்லித் தலைவர் இரண்டு தரம் கேட்டதும் ஞாபகத்தில் இருக்கிறது. இரண்டில் ஒன்று நானாகச் சேர்த்துக்கொண்டதாக இருக்கலாம். பல் டாக்டர் அன்று மொத்தம் எத்தனை வாக்கியம் பேசினார் என்பதிலும் குழப்பம் உண்டு. இருபதுக்குக் குறையாது என்கிறார் நூலகர் அம்மா. அவ்வளவெல்லாம் இருக்காது, பாதிதான் இருக்கும் என்கிறார் டாக்டரின் மனைவி. அவர் அந்தக் கூட்டத்துக்கே போகவில்லை. ஆனாலும் முப்பது வருடக் குடும்ப அனுபவத்தை வைத்துச் சொல்கிறார், தள்ளிவிட முடியாது.

பல் டாக்டர் பேசாத மனிதர். தொழிலும் அதற்குத் தோதாக அமைந்துவிட்டது. எதிரில் இருப்பவருக்கு வாய் திறந்திருக்கும், பேச வராது. இவருக்குப் பேச வரும், வாய் திறக்காது. "கொப்பளிங்க", "வலிச்சா கையத் தூக்குங்க", "ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்ற மூன்று வாக்கியங்களை மட்டும் முதலாகப் போட்டு ஒரு மனிதன் வீடு கட்டி, மகளைப் பெரிய படிப்புப் படிக்கவைக்க முடியும் என்பதற்கு அவரே சாட்சி.

காலை நோயாளிகள் ஒரு மணிக்கு முடிந்துவிடுவார்கள். மாலை நோயாளிகள் நான்கு மணிக்கு. இடைப்பட்ட மூன்று மணி நேரமும் அவர் தெருமுனை நூலகத்தின் மாடியில், ஜன்னலோரம், மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பத்தொன்பது வருடங்களாக அப்படித்தான். அந்த நாற்காலிக்கு நேர் எதிரில் இருந்தது தாடிக்காரரின் அலமாரி.

தாடிக்காரர் என்பது டாக்டரின் மனைவி வைத்த பெயர். ராணி காலத்து ஆங்கில நாவலாசிரியர் அவர். உண்மைப் பெயரைச் சொன்னால் அவருடைய ரசிகர்கள் நான்கு பேர் சண்டைக்கு வருவார்கள், வேண்டாம். பன்னிரண்டு தொகுதிகள், ஒவ்வொன்றும் தலையணை கனம். எல்லாவற்றிலும் முதல் பக்கத்தில் அவர் படம் இருக்கும். முகத்தில் பாதி தாடி, மீதியில் இப்போதுதான் யாருக்கோ புத்தி சொல்லி முடித்த திருப்தி. ஒருவருடைய கோட்டுப் பொத்தான் அறுந்து விழுவதற்கு அவருக்கு ஆறு பக்கம் வேண்டும். அதை யாராவது குனிந்து எடுப்பதற்கு இன்னொரு நான்கு. வாயாடிப் பெண்களை மூக்கு நீளம், பல் நீளம் என்று கேலி செய்வார். வாய் திறக்காத பெண்களுக்கு நல்ல கணவனையோ நல்ல சாவையோ பரிசாகக் கொடுப்பார். கெட்டுப்போன ஆண்களைக் கப்பலேற்றிக் கடல் கடந்த நாடுகளுக்கு அனுப்பிவிடுவார். அந்த நாடுகளில் ஏற்கெனவே மனிதர்கள் இருந்தார்கள் என்ற தகவல் பன்னிரண்டு தொகுதி முடிந்த பிறகும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. கடைசி அத்தியாயத்தில் யார் யாரைக் கட்டிக்கொண்டார், யார் செத்தார், நாய் என்ன ஆயிற்று என்று ஒருவர் விடாமல் சொல்லிவிட்டுத்தான் பேனாவை மூடுவார்.

டாக்டர் இவரை முதலில் படித்தது கல்லூரி விடுதியில். ஏழாவது தொகுதியில் கையுறைத் தையற்காரனின் மருமகள் ஒருத்தி வருவாள். எல்லாரையும் மன்னிப்பாள். ஏமாற்றியவனை, அடித்தவனை, வீட்டைப் பிடுங்கிக்கொண்ட பெரியப்பனை. மன்னிக்க ஆள் தீர்ந்ததும் இருமத் தொடங்குவாள். நாற்பது பக்கம் இருமிச் செத்துப்போவாள். இருபது வயது டாக்டர் அந்த நாற்பது பக்கத்துக்கும் அழுதார். அந்த வேகம் ஆறாமல், பிறகு மகள் பிறந்தபோது அந்தப் பெயரையே வைத்துவிட்டார். பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. பள்ளிக்கூடத்தில் அதை எட்டு விதமாகச் சொன்னார்கள், எட்டும் தப்பு. வீட்டில் எல்லாருமே பாப்பா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இருபத்தொன்பது வயதாகி, கல்லூரியில் இலக்கிய விரிவுரையாளராகி, நூறு மாணவர்களை மிரட்டும் நிலைக்கு வந்த பிறகும் அவள் பாப்பாதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிடும்போது பாப்பா விஷயத்தை எடுத்தாள்.

"நூலகக் கமிட்டியில என்னை நிபுணராக் கூப்பிட்டிருக்காங்கம்மா."

"எதுக்கு? எலி ஜாஸ்தின்னு சொன்னாங்க. அதுக்கா?"

"தாடிக்காரரை இன்னும் வச்சிருக்கணுமா, தூக்கிடலாமான்னு அறிக்கை கேக்கறாங்க."

"தூக்கறதுக்கு நிபுணர் எதுக்குடி? நல்ல திடமா ரெண்டு ஆள் போதும். அந்த மனுஷனுக்கு எழுத்துக்குக் காசு கொடுத்தாங்களா, எடை போட்டுக் கொடுத்தாங்களான்னே எனக்குத் தெரியல."

அம்மாவுக்குத் தாடிக்காரர் மேல் சொந்தப் பகை உண்டு. பல வருடங்களுக்கு முன்னால் வீட்டுப் பரணில் இருந்து டாக்டர் இரவல் வாங்கி வைத்திருந்த தாடிக்காரர் தொகுதி ஒன்று சரிந்து அவர் கால்விரலில் விழுந்தது. அன்றிலிருந்து இந்த வீட்டுக்குள் இனி புதிதாக ஒரு புத்தகம் நுழையக்கூடாது என்பது சட்டம். அதனால்தான் டாக்டர் எதையும் வீட்டுக்கு எடுத்து வராமல் நூலகத்திலேயே உட்கார்ந்து படித்தார்.

"அப்பா, நீங்க என்ன சொல்றீங்க? இந்தக் காலத்துல படிக்கிறவங்க அந்தாளுக்கு மரியாதை கொடுக்கணுமா?"

டாக்டர் டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார். டம்ளரை வைத்தார். வெளியே யாரோ சைக்கிளைப் பூட்டிவிட்டு, பூட்டியது சரிதானா என்று இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"பாக்கலாம்," என்றார்.

"கல்யாணத்துக்குச் சம்மதமான்னு எங்கப்பா கேட்டப்பவும் இதையேதான் சொன்னாரு. சம்மதம்னு நாங்களா எடுத்துக்கிட்டோம்," என்றார் மனைவி.

"இன்னொண்ணும் சொல்லிடறேன். பேரை மாத்தறதுக்கு மனு வாங்கிப் பூர்த்தி பண்ணிட்டேன். கையெழுத்துதான் பாக்கி. இருமியே செத்துப்போற ஒரு பொம்பள பேரை இன்னும் எத்தனை நாளைக்குச் சுமக்கறது. அவ பேரை வச்சதுக்குப் பதிலா எனக்கு மன்னிச்சுக்கோன்னே பேர் வச்சிருக்கலாம் நீங்க."

டாக்டர் மோரை ஊற்றிப் பிசையத் தொடங்கினார். சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. பத்தொன்பது வருடமாகத் தொண்டைக்கும் நாக்குக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தது. மற்றவர்கள் வாயில் எது எங்கே மாட்டியிருந்தாலும் இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடுகிற மனிதர்தான்.

மறுநாள் நூலக மாடிக்குப் போனபோது பன்னிரண்டு தொகுதியின் முதுகிலும் சிவப்புத் தாள் ஒட்டியிருந்தது.

"மேலிடத்து உத்தரவு டாக்டர்," என்றார் நூலகர் அம்மா. "ஏழு வருஷமா முத்திரை விழாத புத்தகம் எல்லாம் வெளிய போகணும். இதுல கடைசி முத்திரை விழுந்து இருபத்தி ரெண்டு வருஷம் ஆச்சு."

டாக்டர் தன் நாற்காலியைப் பார்த்தார். பிறகு நூலகர் அம்மாவைப் பார்த்தார்.

"நீங்க தினமும் படிக்கறீங்க, எனக்குத் தெரியாதா. ஆனா இங்கயே உக்காந்து படிச்சா அது கணக்குல வராது. வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி, படிக்காமயே திருப்பிக் கொடுத்தாக்கூடப் போதும், அது கணக்கு."

"இப்ப எடுத்துட்டுப் போறேன்."

"சிவப்புத் தாள் ஒட்டின புத்தகத்தை வெளிய கொடுக்கக்கூடாது டாக்டர். கமிட்டி முடிவு பண்ணணும்." பிறகு, ஆறுதலாக இருக்கட்டும் என்று, "உங்க பொண்ணு நல்லா வேலை பாக்கறாங்க. ரெண்டு வாரமா நீங்க நாலு மணிக்குக் கிளம்பினதும் வந்து உக்காந்துடறாங்க. ஒரு பக்கம் விடாம புரட்டிட்டாங்க," என்றார்.

டாக்டர் ஏழாவது தொகுதியை எடுத்து நாற்பதாம் அத்தியாயத்தைத் திறந்தார். ஓரங்களில் பென்சில் குறிகள் வரிசையாக நின்றன.

அவருடைய கைவேலைதான். பல் மருத்துவமனையில் புதிதாக ஒரு வாயைப் பார்க்கும்போது அட்டையில் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு குறி போடுவார்கள். அந்தப் பழக்கத்தில், முதல் வருடமே, தன்னை அறியாமல் ஓரத்தில் குறி போட்டுவிட்டார். பிறகு நிறுத்த முடியவில்லை. நல்ல இடத்துக்கு ஒரு டிக். சொத்தைக்கு ஒரு சுழி. பிடுங்க வேண்டியதற்கு ஒரு பெருக்கல் குறி. நாற்பதாம் அத்தியாயத்தில் முதல் இருமலிலிருந்து கடைசி மூச்சு வரை நாற்பது பக்கமும் பெருக்கல் குறியாக இருந்தது.

பாப்பா சின்ன வயதில் மாலை நேரங்களில் மருத்துவமனையில்தான் வளர்ந்தாள். பழைய அட்டைகளில் பொம்மைகளுக்கெல்லாம் குறி போட்டு விளையாடியவள். இந்தக் குறிகள் அவளுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. தெரிந்தும், ஞாயிற்றுக்கிழமை, கேட்கவில்லை. அப்பாவைப் போல் பெண் என்று உறவினர்கள் சொல்லும்போது மூக்கைத்தான் சொல்கிறார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தார்.

சுவரில் நூலக விதிகள் சட்டம் போட்டு மாட்டியிருந்தன. பதினாலாவது விதியை அவர் பத்தொன்பது வருடமாகப் பார்க்காமல் இருக்கப் பழகியிருந்தார். அன்று பார்த்தார். புத்தகத்தில் எழுதினாலோ குறியிட்டாலோ அங்கத்தினர் உரிமை பறிக்கப்படும், கெடுத்த பிரதியைக் கெடுத்தவரே எடுத்துக்கொண்டு அதே நூலின் புதிய பிரதியைத் தர வேண்டும்.

புத்தகங்களை யாரோ படித்தார்கள் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே அத்தாட்சி அந்தக் குறிகள்தான். அவற்றைக் காட்டினால் நாற்காலி போய்விடும். காட்டாவிட்டால் அலமாரி போய்விடும். இரண்டிலும் மகளுக்கு ஒரு பதில் பாக்கி.

வியாழக்கிழமை மாலை மருத்துவமனைக் கதவில் "டாக்டர் இன்று இல்லை" என்ற பலகை தொங்கியது. பல்வலிக்காரர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, பிடித்த கன்னத்தை விடாமல் திரும்பிப் போனார்.

கூட்டம் நூலக மாடியில். கமிட்டித் தலைவர் டைல்ஸ் கடைக்காரர். கையில் ஒரு வரைபடம் வைத்திருந்தார். அலமாரி போனதும் அந்த இடத்தில் சோபா, சோபாவுக்குப் பின்னால் புத்தகப் படம் போட்ட சுவரொட்டி, மக்கள் அதன் முன்னால் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம்.

"புத்தகம் இருந்த எடத்துல புத்தகப் படம்," என்றார். "பாக்கறதுக்கும் களையா இருக்கும், தூசியும் அடையாது."

பாப்பா எழுந்து அறிக்கையைப் படித்தாள். தாடிக்காரரின் பெண்கள், ஏழைகள், கப்பல்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப்போட்டாள். நாவலாசிரியர் கதையில் குடும்பத்தைத் தெய்வமாக்கிவிட்டுச் சொந்த மனைவியைத் தனி வீட்டில் வைத்துப் பூட்டாத குறையாக ஒதுக்கியதையும் சொன்னாள். கடைசி அத்தியாயத்தில் எல்லாருக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கும் வழக்கத்தைப் பற்றி, "வாசகரை ஒரு நிமிஷம்கூடத் தனியா விடத் தைரியம் இல்லாத எழுத்தாளர்," என்றாள். டாக்டர் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டார். எல்லாமே சரி. ஒவ்வொன்றுக்கும் பக்க எண் சொல்லும் அளவுக்குச் சரி.

"பிரமாதம்," என்றார் தலைவர். "அப்ப தூக்கிடலாம். அந்தாளு அப்படி என்னதான் எழுதியிருக்கான், பாப்போம்," என்று ஒரு தொகுதியை விரித்தார். விரித்தவர் முகம் மாறியது. "என்னம்மா இது? எவனோ பூரா கிறுக்கி வச்சிருக்கான்."

நூலகர் அம்மா ஓடிவந்தார். அடுத்ததைத் திறந்தார். அதற்கடுத்ததை. பன்னிரண்டிலும் இருந்தது. இத்தனை வருடத்தில் அவர் அவற்றைத் துடைத்திருக்கிறார், எண்ணியிருக்கிறார், திறந்ததில்லை.

பாப்பா யாரையும் பார்க்காமல் அறிக்கைத் தாள்களை மேசையில் தட்டி ஒழுங்குபடுத்தினாள். ஏற்கெனவே ஒழுங்காகத்தான் இருந்தன.

மறுபடி அந்த அமைதி. டாக்டர் அதற்குள் இதமாக உட்கார்ந்திருக்கலாம். இதைவிட நீளமான அமைதிகளில் எல்லாம் இருந்து பழகியவர்.

"நான்தான்," என்றார்.

"நீங்களா?" என்றார் நூலகர் அம்மா. அவர் குரலில் வீட்டுக்குள்ளேயே திருடன் அகப்பட்ட வருத்தம் இருந்தது.

"டிக் போட்டா நல்ல இடம். சுழி போட்டா சொத்தை. பெருக்கல் குறின்னா பிடுங்கணும்."

தலைவர் சிரித்தார். "ஆக, பல்லு மாதிரி. சொத்தைப் பல்லா இருந்தாலும் சட்டுனு பிடுங்கக்கூடாது, அப்படித்தானே டாக்டர் சொல்ல வர்றீங்க?"

"இல்ல. நான் நெறையப் பிடுங்கறவன்."

தலைவருக்கு உவமை வீணானதில் மனத்தாங்கல். அதற்குள் பாப்பா நிமிர்ந்தாள். யாரோ ஒரு சாட்சியை விசாரிக்கிற மாதிரிக் கேட்டாள்.

"ஏழாவது தொகுதி, நாப்பதாவது அத்தியாயம். நாப்பது பக்கத்துக்கும் பெருக்கல் குறி. அதுவும் நீங்கதானா?"

"நான்தான்."

"எப்ப போட்டது?"

"அப்ப உனக்குப் பத்து வயசு."

"அதுக்கப்புறம் பத்தொன்பது வருஷம் ஏன் சொல்லலப்பா?"

டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். கமிட்டி காத்திருந்தது. ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பேரு வச்சாச்சு. உன்னை எட்டு விதமாக் கூப்பிட்டுட்டு இருந்தாங்க. அது தப்பான இடத்துல இருந்து எடுத்த பேருன்னு வேற சொன்னா நீ என்னத்தப் பண்ணுவே. சின்னப் பிள்ளையா இருக்கயில சொல்லல. பெரியவளானதும், ஏன் முன்னாடியே சொல்லலன்னு கேப்பியேன்னு சொல்லல."

தலைவர் தொண்டையைச் செருமினார்.

"குடும்ப விஷயம் இருக்கட்டும் டாக்டர். கமிட்டிக்கு ஒரே வார்த்தையில சொல்லுங்க. அந்தாளுக்கு மரியாதை கொடுக்கலாமா, கூடாதா?"

"அந்தாளுக்கு வேணாம்," என்றார் டாக்டர். "நேர்ல பாத்தா நான் பேசமாட்டேன்."

"நீங்க யாருகிட்டதான் பேசறீங்க," என்றாள் பாப்பா.

"நாலாவது தொகுதியில ஒரு குமாஸ்தா. வேலையில இருந்து எடுத்துட்டாங்க. வீட்ல சொல்லல. தினமும் காலையில கோட்டைப் போட்டுக்கிட்டுப் போயி, ஆபீஸுக்கு எதிர்ல இருக்கற பெஞ்சுல சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருப்பான். அவன் பொண்டாட்டிக்கு மொத நாளே தெரியும். தெரிஞ்சும் தினமும் சாப்பாடு கட்டிக் கொடுப்பா. ஒரு நாள் மழை வருது. ஒண்ணும் கேக்காம, பெஞ்சையே மூடற மாதிரி ஒரு பெரிய குடையை எடுத்து நீட்டறா. ஆபீஸுக்குள்ள உக்காந்திருக்கறவனுக்கு அவ்வளவு பெரிய குடை எதுக்கு. வாங்கறப்பதான் அவனுக்கும் புரியுது. அவனும் கேக்கல. பதினோரு வரிதான்."

"பதினோரு வரிக்காக எண்ணூறு பக்கம் படிச்சீங்களாக்கும்?" என்றார் தலைவர்.

"மூணு தடவை."

"அதுக்குப் பேரு மரியாதை இல்லப்பா," என்றாள் பாப்பா. "பழக்கம்."

"இருக்கலாம்."

பாப்பா தன் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தாள். "பெருக்கல் குறி நானூத்திப் பன்னெண்டு. நான் என் அறிக்கைக்குத் தனியா எடுத்த குறிப்பெல்லாம் அதுக்குள்ளேயே அடங்கிடுச்சு, மூணைத் தவிர. டிக் மொத்தம் முப்பத்தொண்ணு. குடைக்கு ரெண்டு டிக் போட்டிருந்தீங்க, அதை ஒண்ணாத்தான் எண்ணினேன்." நோட்டை மூடினாள். "அந்த முப்பத்தொண்ணுல இருபத்தொம்பதை நானும் ஒத்துக்கறேன்."

"மிச்சம் ரெண்டு?" என்று நூலகர் அம்மா கேட்டார். அவருக்கே தெரியாமல் வாயில் வந்துவிட்டது.

"அதை வீட்ல வச்சிக்கறோம்," என்றாள் பாப்பா.

தலைவர் மேசையைத் தட்டினார். "சரி. யாரும் எடுத்துட்டுப் போகல, எழுதினவனும் சரியில்லன்னு நிபுணரும் சொல்லிட்டாங்க, டாக்டரும் சொல்லிட்டாரு. தூக்கிடலாம்."

"முடியாதுங்க," என்றார் நூலகர் அம்மா. சுவரைக் காட்டினார். முப்பது வருட வேலையில் பதினாலாவது விதியைப் பயன்படுத்த அவருக்கு ஒரு சந்தர்ப்பமும் வாய்த்ததில்லை. விட மனமில்லை. "கிறுக்கின புத்தகத்தை எடைக்குப் போட முடியாது. டாக்டர் அதைத் தன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகணும். அதே புத்தகம் புதுசாக் கொண்டாந்து வைக்கணும். அதே எடத்துல."

"எந்தப் புத்தகம்?"

"தாடிக்காரர்தான். பன்னெண்டும்."

தலைவர் தன் சோபா வரைபடத்தைப் பார்த்தார். ஒழிக்க வந்த கூட்டத்தில் அந்த ஆளுக்குப் புது உடுப்புத் தைத்துக் கொடுக்கச் சொல்லித் தீர்மானம் நிறைவேறிக்கொண்டிருந்தது. விதியை மாற்றலாமே என்று யாரோ சொன்னார்கள். விதியை மாற்ற மேலிடத்துக்கு எழுத வேண்டும், மேலிடம் பதில் எழுதியதாக உயிரோடிருக்கும் யாருக்கும் ஞாபகம் இல்லை.

டாக்டரும் பாப்பாவும் ஆளுக்கு ஆறு தொகுதியாகச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தார்கள். அம்மா வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"பன்னெண்டு பேரா?"

"இன்னும் ரெண்டு டிக் பாக்கி இருக்கும்மா," என்றாள் பாப்பா. "பேசி முடிக்கற வரைக்கும் இருக்கட்டும்."

"யாரு, உங்கப்பாகூடப் பேசி முடிக்கப் போறியா? அப்ப புத்தகம் இங்கயேதான் கெடக்கும்னு சொல்லு," என்றார் அம்மா. ஆனால் வழியை விட்டார்.

பிறகு நடந்தது இவ்வளவுதான். புதிய பிரதி தேடியபோது பன்னிரண்டில் மூன்றுதான் அச்சில் இருப்பதாகத் தெரிந்தது. குடை வரும் நாலாவது தொகுதி அந்த மூன்றில் ஒன்று. இருமல் வருவதும் ஒன்று, உலகத்தில் அழுகிறவர்கள் இன்னும் தீரவில்லை. மீதி ஒன்பதும் நூலகப் பதிவேட்டில் "வர வேண்டியவை" என்று எழுதப்பட்டன. வர வேண்டிய புத்தகத்தின் இடத்தை வேறெதற்கும் கொடுக்கக்கூடாது என்பதால் அலமாரி இன்றும் முக்கால்வாசி காலியாக அங்கேயே நிற்கிறது. டைல்ஸ் கடைக்காரர் சோபாவைத் தன் கடையில் போட்டுக்கொண்டார். நூலகர் அம்மா ஓய்வு பெற்றார். இப்போது அவர் ஒரு அங்கத்தினர், வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்கிறார். பல் டாக்டருக்கு அங்கத்தினர் உரிமை திரும்பக் கிடைக்கவில்லை. பழைய பன்னிரண்டு தொகுதிகளையும் அம்மா ஒரு மாதத்தில் மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார், டாக்டர் மதியம் ஒரு மணியிலிருந்து நான்கு மணி வரை அங்கேயே உட்கார்ந்து படிக்கிறார். பல்வலியோடு காத்திருப்பவர்கள் எடுத்துப் புரட்டுகிறார்கள், யாரும் ஆறு பக்கம் தாண்டியதில்லை. பாப்பா மனுவில் கையெழுத்துப் போடவில்லை. பாஸ்போர்ட்டிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் மாற்றுவது பெரிய தொல்லை என்று காரணம் சொல்கிறாள். மீதி இரண்டு டிக் பற்றி அப்பாவும் மகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுகிறார்கள், அதாவது அவள் பேசுகிறாள். அம்மாவின் கால்விரல் நன்றாக இருக்கிறது. நாய் கிடையாது.